தேங்காயைக் காட்டி விற்ற சேலை

இன்று பாறசாலையில் ஷைனியின் கைத்தறிக் கடைக்குப் போனேன். மஸ்கட்டில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு, அவர் மகளின் கல்யாணத்துக்கான வெள்ளைச் சேலையை ஷைனி வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தாள்.

"வெள்ள கேட்டா மஞ்சள காட்டுதியே மக்கா!" என்றார் அந்த அம்மா.

போன வாரம் இதே சண்டையில்தான் ஓர் ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தது.

ஷைனி என் காய்கறிப் பையைப் பார்த்தாள்.

"அக்கா, அந்தத் தேங்காயத் தாருங்க."

வாசலில் உடைத்து, துடைத்து, சேலைக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இது என்ன நெறம் அம்மா?"

"அதும் மஞ்சளாட்டுதான் இருக்கு."

"அப்போ மஞ்சள் போன்லயாக்கும். சேலையில இல்ல."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அப்போதே சேலை விற்றுப்போனது.

அவள் மூளையை மெச்சியபடி, உடைந்த தேங்காயோடு வீடு வந்தேன். இன்றே தீர்க்க வேண்டும். என்ன சமைக்கலாம், சொல்லுங்கள்.