மழைக்குப் பயந்த கிடைக்காரர்

காற்றாலை இறக்கையை ஏற்றி வந்த நீள லாரி எங்கள் ஊர் வளைவில் மாட்டிக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் மூன்று நாள் கிடந்ததே, அந்த வருஷம்தான். வளைவில் நின்ற வேம்பை வெட்டித்தான் லாரியை எடுத்தார்கள். அந்த வேம்பு என் அப்பா வைத்தது. அதைச் சொல்லப் போனால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். லாரி போன மறுவாரம், புரட்டாசித் தொடக்கம், என் கரிசல் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தேன். பகலெல்லாம் ஆடுகள் தரிசில் மேயும். பொழுது சாய்ந்ததும் என் காட்டில் வந்து அடையும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். பேசிய நாள் முடியாமல் கிடையை எடுக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு.

கிடைக்காரர் என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். பேச்சு குறைவு. ஒரு நாள் காலையில் வானத்தைப் பார்த்தபடி வந்து நின்றார்.

“அண்ணாச்சி, ஈசான மூலைல மேகம் ஏறுது. நாங்க செவக்காட்டு மேட்டுக்குப் போயிருதோம். மழை வெறிச்ச பெறகு வந்து பாக்கி நாளை முடிச்சுத் தாரோம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. “மழைக்குப் பயப்படுத ஆளை இப்பத்தாம்வே பாக்கேன். நாங்க வானத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கோம், நீரு மேட்டுக்கு ஓடுதேங்கீரு. மழை பெஞ்சா நான் விதைப்பேனா, ஒமக்குக் காட்டைப் போட்டு வைப்பேனா? இன்னும் ரெண்டு நாளு. பேசுன பேச்சு பேச்சுதான்.”

அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு, ஆடுகளைப் பத்திக்கொண்டு போனார். பிறந்து சில நாளே ஆன குட்டிகளால் மந்தையோடு நடக்க முடியாது. அவற்றை மூங்கில் கூடுகளுக்குள் விட்டு, காவலுக்குத் தன் வீட்டுக்காரியை இருத்திவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது மழை இறங்கியது. ஒரு மணி நேரம் விடாமல் கொட்டியது. காடு தண்ணீர் குடிப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக ஓடினேன். வரப்பில் கால் வைத்ததும், பக்கத்துக் காட்டுப் பனையில் இடி விழுந்தது. பச்சை மட்டை பற்றி எரிந்தது. சுற்றிலும் வெட்டவெளி. அதில் நெட்டுக்குத்தாக நிற்பது நான் ஒருவன்தான் என்று தோன்றியதும் வரப்போடு வரப்பாகக் கவிழ்ந்து படுத்துவிட்டேன்.

“அண்ணாச்சி! ஏ அண்ணாச்சி! குட்டி முங்குது, ஓடியாங்க!”

கிடைக்காரரின் வீட்டுக்காரிதான். நான் தலையைத் தூக்கவில்லை.

“இடி என்ன படுத்தவன் நிக்கவன் பாத்தா விழுது? எந்திரிங்க அண்ணாச்சி!”

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. நனைந்த கரிசல் ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடித்து இழுத்தது. செருப்பு மண்ணுக்குள் போயே போய்விட்டது. கூடுகள் இருந்த பள்ளத்தில் கெண்டைக்கால் முழுகத் தண்ணீர் நின்றது. அது நான் பிறந்தது முதல் புழங்கிய காடு, பள்ளம் மேடு எல்லாம் எனக்குப் பாடம். ஆனால் ஓர் ஆட்டுக்குட்டியின் கழுத்து தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அதுவரை நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு கூட்டுக் குட்டிகளை அள்ளி அள்ளி வண்டிப்பாதை மேட்டில் விட்டோம். நெஞ்சோடு அணைத்தவை வெடவெடவென்று நடுங்கின. அந்த நடுக்கத்தில் குட்டியுடையது எது, என்னுடையது எது என்று பிரிக்க முடியவில்லை. வானம் ஒவ்வொரு முறை வெளிச்சம் போடும்போதும் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூடவில்லை. மூன்றாவது கூட்டைத் தூக்கியபோது உள்ளே சத்தமே இல்லை. ஏழு குட்டிகள். அவள் முந்தானையால் ஒவ்வொன்றின் வாயிலும் இருந்த சகதியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

சாயங்காலம் கிடைக்காரர் வந்தார். குளம்பெல்லாம் மண்ணுருண்டையோடு ஆடுகள் நொண்டி நொண்டி வந்தன. தாய் ஆடுகள் குட்டியைத் தேடிக் கத்தின. அவர் என்னை நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். செத்த ஏழு குட்டிகளையும் பார்த்துவிட்டு, மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிசைந்தார்.

“நல்ல ஈரம் அண்ணாச்சி. காயுததுக்குள்ள விதைச்சிருங்க.”

விதைத்தேன். உளுந்து நன்றாகவே விளைந்தது. அந்த விளைச்சலை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. அவர் அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு வரவில்லை.

இப்போது காட்டை மகன் பார்க்கிறான். மழை எப்போது வரும் என்று போனே சொல்கிறது. வானம் இருட்டினால் ஊரே சந்தோஷப்படுகிறது. எனக்கு மட்டும் பயம். யார் காட்டிலாவது கிடை இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். “பெருசு மழையைக் கண்டு ஒளியுது பாருலே” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உங்கள் பக்கம் கிடை போட்டிருக்கிற காட்டுக்காரர் யாராவது இருந்தால் இதைச் சொல்லிவிடுங்கள். மேட்டுக்குப் போகிறேன் என்று ஒருவர் வந்து நின்றால், பேசிய நாளைச் சொல்லி மறிக்க வேண்டாம். எதற்குப் பயப்படுகிறீர் என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை. இன்றைக்கே சொல்லுங்கள், புரட்டாசி பிறந்துவிட்டது.