சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு ஆந்தை

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குக் குவீன்ஸ்டவுனில் அரசாங்க வாடகை அடுக்குமாடி வீடு கிடைத்தது. அதுவரை தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில், பலகை அடித்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். மாடி முழுவதற்கும் ஒரே கழிவறை. காலையில் வாளியோடு வரிசையில் நின்று நின்றே என் பாதி இளமை போனது. புது வீட்டில் எங்களுக்கே எங்களுக்கென்று தாழ்ப்பாள் போட்ட கழிவறையைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. இனி உயிரே போனாலும் இந்த வீட்டை விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பால் காய்ச்சிய அன்று, பால் பொங்கி வரும் நேரம் பார்த்து என் நாத்தனார் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதிரே தூங்குமூஞ்சி மரத்துப் பொந்தில் ஒரு ஆந்தை உட்கார்ந்திருந்தது.

"ஐயையோ தம்பி! ஆந்தை நம்மளையே முறைக்குது பாரு!" என்று அலறியவர், பொங்கப் போன பாலைச் சட்டென்று இறக்கி வைத்துவிட்டார்.

அது முறைக்கவே இல்லை. பட்டப்பகலில் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. சொன்னால் யார் கேட்டார்கள்?

அன்று பிடித்தது எனக்குத் தலைவலி. என் கணவருக்குத் தும்மல் வந்தால் ஆந்தை. பஸ்ஸைத் தவறவிட்டால் ஆந்தை. குழாயில் தண்ணீர் நின்றாலும் ஆந்தை. எலுமிச்சை கட்டினோம், பூசணி உடைத்தோம். எங்கள் புலம்பல் பொறுக்காமல் கீழ்வீட்டுச் சீனர் பட்டாசுகூடக் கொளுத்திப் பார்த்தார். பறந்துபோன ஆந்தை மறுநாள் காலை அதே பொந்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒருநாள் கணவர், "சாவியத் திருப்பிக் குடுத்துடலாம்லா. அக்கா வீட்டு மாடில ஒரு ரூம் காலியா இருக்காம்" என்றார். அந்த அக்கா, அதாவது என் நாத்தனார், இருந்ததும் அதே தேக்காவில்தான், அதே மாதிரி வரிசைதான்.

"நீங்க போங்க. நானும் ஆந்தையும் இங்கேயே இருக்கோம்!" என்று கத்திவிட்டேன்.

மனுஷர் நிஜமாகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். வீடு அவர் பெயரில் இருந்தது. அவர் போய் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், எல்லாம் போச்சு. ஆந்தையோடு சேர்ந்து நானும் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

இரண்டொரு நாளில், விடிந்தும் விடியாததுமாகக் கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். திறந்தால் அவர். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். பெட்டியை நடுவீட்டில் போட்டுவிட்டு நேராகக் கழிவறைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து, முகம் தெளிந்து வெளியே வந்தார். "அங்க வரிசை ரொம்ப நீளம்" என்றார். சாவிப் பேச்சு அதோடு முடிந்தது.

நான் மறுபடி அடுப்பில் பாலை வைத்தேன். இந்த முறை இறக்க ஆளில்லை. பொங்கி வழிந்து அடுப்பையே நனைத்தது. எதிரே ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் எனக்கு நல்ல சகுனம், கெட்ட சகுனம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று காலை அந்தத் தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைவிட நல்ல சகுனம் ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.