கொட்டகைப் பெஞ்சு

ஞானசௌந்தரி டீச்சருக்குச் சிரிக்கத் தெரியாது என்பது பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரம் முழுக்கப் பேச்சு. சிரிக்கும்படி யாரும் அவளை நடத்தியதும் இல்லை.

1934இல், பெண்கள் ஆங்கிலப் பள்ளியின் இடைநிலை வகுப்புக்குப் புதிதாக வந்தவர்களில் ஏழு பேருக்கு வாசிப்பும் வரவில்லை, கணக்கும் வரவில்லை. வகுப்பாசிரியை பிலோமினா அவர்களைக் குழாயடிக் கொட்டகைக்குத் துரத்தினாள். ஞானசௌந்தரியையும் அங்கேதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அவள் பாசார் சந்தையிலிருந்து மீன் நிறுக்கும் தராசைக் கொண்டுவந்தாள். அந்தச் சந்தையில் ‘கட்டி’ என்ற எடைக்குப் பதினாறு ‘தாஹில்’ என்பது பிள்ளைகளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. பவுண்டுக்கும் பதினாறு அவுன்ஸ்தான், ஒரு அவுன்ஸ் பதினாறில் ஒரு பங்கு என்றதும் பின்னம் பிடிபட்டது. நிறுத்ததை ஆங்கிலத்தில் எழுதி, உரக்க வாசிக்க வைத்தாள்.

மூன்றாம் மாதப் பரீட்சையில் ஏழு பேரும் தேறினார்கள்.

"வழியே எழுதல, விடை மட்டும் இருக்கு. காப்பி அடிச்சிருக்குங்க," என்றாள் பிலோமினா, தலைமையாசிரியை முன்னால்.

"வாயால கேட்டுப் பாருங்க டீச்சர்," என்றாள் ஞானசௌந்தரி.

பிலோமினா கேட்டாள். அவள் கரும்பலகையில் போட்டு முடிப்பதற்குள் ஏழு பேரும் விடை சொல்லிவிட்டார்கள். பலகையில் அவள் போட்ட விடைதான் தப்பு.

"சரி, என் பிள்ளைங்கள நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் பிலோமினா.

"தாராளமா. கொட்டகையில பெஞ்சு காலியாத்தான் கிடக்கும். சாயங்காலம் நீங்க வந்து உக்காருங்க டீச்சர்."