குத்தாலம் அண்ணாச்சியின் தனிக் கச்சேரி

செவ்வாய்க்கிழமை காலை, வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் எலக்ட்ரிக்கல் கடைக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் குற்றாலலிங்கத்தின் தம்பி. "முருகேசா, அண்ணன் போயிட்டாம். மாரடைப்புன்னு சொல்லுதாங்க" என்றார். எதிரே ஒருவர் சீலிங் ஃபேன் மாட்டக் கொக்கி கேட்டு நின்றார். அதை எடுத்துக் கொடுத்து, மாட்டும் விதத்தையும் சொல்லி அனுப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். 

உங்களில் பலருக்குக் குற்றாலலிங்கம் எங்கள் மெல்லிசைக் குழுவில் பாஸ் கிட்டார் வாசித்த குத்தாலம் அண்ணாச்சி. பாடகருக்குப் பின்னால், என் டிரம்ஸுக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு நிற்பாரே, அவர்தான். பாட்டுக்கு அடியில் ஓடும் அந்தக் கனத்த ஒலியை, பாஸை, ஒலிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நின்றால் பாட்டு சப்பென்று ஆகிவிடும். தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போன நண்பர் ஒருவர் கொண்டுவந்த ராக் கேசட்டுகள் அவரைப் பிடித்து ஆட்டின. பாட்டே இல்லாமல் ஒரே உருப்படி அரைமணி நேரம் ஓடும்; நடுவில் தாளம் நாலு எண்ணிக்கையிலிருந்து ஏழுக்குப் போய்த் திரும்பும். யாராவது முகம் சுளித்தால், "ஏழு என்ன நமக்குப் புதுசாவே? நாயனக்காரர் வாசிக்கலையா?" என்று சண்டைக்குப் போவார்.

நடுவில் பல வருடம் சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குகளுக்கு வாசித்தார். விடுமுறையில் வந்திருந்தபோது ஒருநாள் திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் போனோம். அவர் வாசித்த பாட்டு ஓடியது. என் தொடையில் தட்டி, "இது நாந்தாம்லே" என்றார். முன்சீட்டுப் பெரியவர் திரும்பி, "நீரா பாடுதீரு?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி, அதுக்குக் கீழ இருக்கேன்" என்றார் எங்கள் அண்ணாச்சி.

பெரியவர் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, அண்ணாச்சி சிரிக்கவில்லை. "கண்ண மூடுததுக்குள்ள, எனக்குன்னு ஒரு உருப்படி போட்டு, அத நாலு பேராவது முழுசாக் கேக்கணும்லே" என்றார். அடுத்த வருடமே சென்னையை விட்டு ஊருக்கு வந்துவிட்டார்.

ஊரில் அவர் ஏழு தாளத்தில் போட்ட உருப்படியின் முதல் வாசிப்பு ஓர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில். எங்கள் திரைப்பாட்டுக் கச்சேரி தொடங்குமுன் இருபது நிமிடம் கேட்டு வாங்கியிருந்தார். எத்தனையோ மேடை பார்த்த நாங்கள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. கொடைக்கு மரத்துக்கு மரம் கட்டுவது கூம்புக் குழாய் ஒலிபெருக்கி. அதில் பாடகர் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும். பாஸ் ஏறவே ஏறாது. பாட்டு இருந்தவரை அது யாருக்கும் குறையாகப் பட்டதில்லை. அன்று அண்ணாச்சி உயிரைக் கொடுத்து வாசிக்கிறார், தெருவில் என் டிரம்ஸ் மட்டும் டொக்கு டொக்கென்று கேட்கிறது. விழாக் கமிட்டித் தலைவர் மேடையேறி, "என்னவே, மைக் செட்டு அவுட்டா? சனம் பூரா எந்திரிச்சிப் போகுது!" என்று சத்தம்போட்டார். பின்னாலிருந்து விசில் பறந்தது.

பதற்றத்தில் நான் அண்ணாச்சியைக் கேட்காமலே ஏழு தாளத்தை விட்டு நாலுக்குத் தாவி, ஊரே அறிந்த ஒரு சினிமாப் பாட்டின் தாளத்தை எடுத்துவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அடுத்த அடியிலேயே அந்தப் பாட்டின் பாஸ் என் தாளத்துக்குக் கீழே வந்து சேர்ந்துகொண்டது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அவருடைய உருப்படி ஆறாவது நிமிடத்தில் செத்தது. நான் செய்தது துரோகம். அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக விரும்பவில்லை.

அவர் முகத்தில் விழிக்கக் கூசிப் பத்து நாள் ஒளிந்து திரிந்தேன். அவரே கடைக்கு வந்தார். "பாளையங்கோட்டைல ஒரு பள்ளிக்கூட ஹாலு கேட்டிருக்கேன். பெரிய பெட்டி ஸ்பீக்கரா ரெண்டு வருது. நீதாம்லே டிரம்ஸு."

"நானா அண்ணாச்சி?"

"வேற எவனையும் போட்டா, அவன் எங்க ஓடுவான்னு தெரியாது. நீ ஓடுத இடம் எனக்குத் தெரியும்லா?"

இரண்டு மாதம் அவர் வீட்டு மச்சில் ஏழு தாளம் மட்டும் வாசித்தோம். என் மணிக்கட்டு வீங்கியது. கச்சேரிக்கு முப்பது பேர் வந்தார்கள். பாஸ் எழுந்ததும் பெஞ்சுப் பலகைகள் அதிர்ந்தன. எட்டாவது நிமிடம் இருக்கும், அண்ணாச்சியின் கை நின்றது. யார் தவறினாலும் தாங்கிப் பிடிக்கிற கை, நின்றே விட்டது. என் பக்கம் குனிந்து, "எல்லாரும் என் கையவே பாக்குதாங்கலே" என்றார். ஆயுள் முழுக்கப் பாடகருக்குப் பின்னால் நின்ற மனிதர். தன்னையே கேட்கும் கூட்டத்தை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

நாலுக்குப் போயிருந்தால் தப்பித்திருக்கலாம். ஏதாவது ஒரு பாட்டைப் பிடித்து மூடியிருக்கலாம். என் கை அதற்குத்தான் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு தாளத்தையே வாசித்தேன். ஒரு சுற்று, இரண்டு, ஐந்து. யாரோ செருமினார்கள். ஒருவர் எழுந்து வெளியே போனார். அண்ணாச்சியின் கழுத்தில் வியர்வை வழிந்தது. ஒன்பதாவது சுற்றில் கண்ணை மூடினார், தாளத்துக்குள்ளே வந்தார். உருப்படி கடைசிவரை போய் முடிந்தது. "பாட்டு எப்பம் தொடங்கும்?" என்று ஒரு வாத்தியார் கேட்டார். "முடிஞ்சிட்டு அண்ணாச்சி" என்றார் இவர், வாயெல்லாம் சிரிப்பாக.

அப்புறம் நாலைந்து கச்சேரி, அவர் பெயர் போட்ட ஒரு கேசட், அவ்வளவுதான். அதைத் தோல்வி என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கேசட் உங்களில் சிலரிடமும் இருக்கும். என்னிடம் மட்டும் இருப்பது, அன்று ஹால் காலியான பிறகு, வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அவர் சொன்னது. "எல்லாரையும் நாந்தான் தாங்குதேன்னு நெனச்சிட்டிருந்தேம்லே. இன்னைக்கு நீ நின்னே, நான் வந்து சேந்தேன்."

கொடையன்று செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வயரச் சுத்துலே" என்றார்.