அடுப்படியில் அப்பாவின் பெயர்

நான் வேலை செய்யும் கடையில் என்னை அப்பாவின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முதலாளி இத்தாலிக்காரர். கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் பீட்சா கடை வைத்திருக்கிறார். சேர்ந்த அன்று அவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். துபாய்க்குப் போனபோது எடுத்தது. என்னிடம் ஒழுங்காக இருந்த அடையாளம் அது ஒன்றுதான். அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. முதலாளி வளர்ந்த சமையற்கட்டுகளில் ஆட்களைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்களாம். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அது அப்பா பெயர் என்று சொல்லிப் பார்த்தேன். "நல்லது, இனி அதுதான் உன் குடும்பத்துக்கு" என்றார்.

வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. அம்மா இருந்தவரை "இந்தாங்க" என்பதோடு சரி. இங்கே அடுப்புச் சத்தத்துக்கு மேலே அது நாள் முழுக்கக் கேட்டது. காய் நறுக்கும் அக்கா சேதராப்பட்டிலிருந்து வருபவர். ஒவ்வொரு முறையும் சிரிப்பார்.

"தம்பி, உங்கப்பாரக் கூப்புடுறாரு. நீ ஏன் ஓடுற?"

அதே சேதராப்பட்டில்தான், யார் யாரையோ கெஞ்சி, அப்பா எனக்குக் கம்பெனி வேலை வாங்கித் தந்தார். ஒரு மாதம் முடியுமுன் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு லாரி ஏறினேன். அதிலிருந்து பேச்சில்லை. திருப்பூர், துபாய் என்று சுற்றித் திரும்பியபின் நான் ரெட்டியார்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவர் முதலியார்பேட்டையில் தனியாக இருந்தார். ஒரே ஊர்தான். வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மதியம் கூட்டம் இருக்காது. மாவு பிசையும்போது முதலாளி பெயர்களைப் பற்றிப் பேசுவார். அவர் குடும்பப் பெயர் பெவிலாக்வா. 'தண்ணீர் குடிப்பவன்' என்று பொருள். பாட்டனுக்குப் பாட்டன் பெரிய குடிகாரனாம், ஊர் கேலியாக வைத்ததாம். கேலி செய்தவர்கள் செத்துப்போனார்கள், பெயர் நின்றுவிட்டது. ரோஸ்ஸி என்றால் தலைமயிர் சிவந்தவர்களின் வம்சம். பிள்ளைகள் அதிகமான வீட்டில் ஐந்தாவதுக்குக் குவின்டோ, ஏழாவதுக்கு செட்டிமியோ என்று எண்ணையே வைப்பார்களாம். அவருடைய மாமா ஒருவருக்கு உல்டிமோ, அதாவது கடைசி.

"அவருக்கு அப்புறம் ரெண்டு பேர் பிறந்தாங்க" என்றார்.

நான் சிரித்து ஓய்வதற்குள் கேட்டார். "உன் பேருக்கு என்ன அர்த்தம்?"

அப்பா பெயருக்குக் குப்பை என்று அர்த்தம் என்றேன். எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர்தான், ஆனால் வேறு மொழியில் சொன்னபோது காது கூசியது. அவர் மாவிலிருந்து கையை எடுத்தார். அவருடைய அம்மாவின் குடும்பப் பெயர் எஸ்போஸிட்டோ, 'வெளியே விடப்பட்டது' என்றார். அந்தக் காலத்தில் மடத்துச் சுவரில் ஒரு மரப்பெட்டி இருக்குமாம். வளர்க்க முடியாதவர்கள் குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போவார்களாம். அப்படிக் கிடைத்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர்.

"உங்க அப்பாவையும் அப்படி விட்டுட்டாங்களா?"

"தெரியாது."

"எங்களுக்குக் கேட்க ஆள் இல்லை. உனக்கு இருக்காரு. போய்க் கேளு."

வார விடுமுறையன்று போனேன். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தெருப்பக்கம் திரும்பினார். நின்றபடியே கேட்டேன்.

"உனக்கு ஏன் அந்தப் பேரு வெச்சாங்க?"

தெருப்பக்கமிருந்து அவர் முகம் திரும்பவில்லை. கிளம்பிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன்.

"இதக் கேக்கத்தான் இத்தினி வருசம் கழிச்சி வந்தியா?"

"உன்னத் தூக்கிப் போட்டுட்டாங்களா?"

"போடா. எவன்டா சொன்னான்?" என் பக்கம் முழுதாகத் திரும்பிவிட்டார். "எனக்கு முன்ன ரெண்டு பொறந்து ரெண்டும் தங்கல. நானாவது நிக்கணும்னு எங்கம்மா என்னக் குப்பமேட்டுல படுக்க வெச்சிது. பக்கத்து ஊட்டு அம்மா எடுத்துக்கிட்டு வந்து குடுக்க, எங்கம்மா மடி நெறைய தவிட்ட வெலையா குடுத்து வாங்கிக்கிச்சி. குப்பையில கெடந்தது தானேன்னு எமன் உட்டுட்டுப் போயிடுவானாம். தூக்கிப் போட்டாங்களாம்! காப்பாத்தி வெச்ச பேருடா அது."

கடையில் என்னை அந்தப் பெயரில் கூப்பிடுவதைச் சொன்னேன். நம்பாமல் பார்த்தார்.

"வெள்ளக்காரனா? எம் பேரயா?"

"நாள் முழுக்க."

"சரியா சொல்றானா?"

"கொஞ்சம் இழுப்பாரு."

"திட்டுவானா?"

"பீட்சா தீஞ்சா திட்டுவாரு."

"அதுவும் எம் பேரச் சொல்லியா?"

"ஆமா."

"அப்ப ஒழுங்கா வேல செய்யிடா" என்று எழுந்தார். உள்ளே போய், சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, இருவருக்கும் போதாது என்று மறுபடி உலை வைத்து இன்னொரு பிடி அரிசி போட்டார்.