எதிர்வீட்டுக்காரரும் என் நாயும்

வெடிமருந்துத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு கிடங்குக்கும் அடுத்த கிடங்குக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், எந்தச் சரக்கை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுக்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி ஒரு நாயைக் கொண்டுவந்தாள். கேம்ப் மார்க்கெட்டுக்குப் போனவள், அங்கே அடிபட்ட தெருநாய்களை வைத்துப் பராமரிக்கும் இடத்துக்கும் போய்விட்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் கீரைக்கட்டு, காலடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை நாய். ஒரு காதில் பாதி இல்லை. மற்ற நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து கடித்ததில் போனதாம்.

மனிதர்களிடம் அது பரம சாது. நான் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் நாற்காலியை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். தலைப்புச் செய்திகளைப் பற்றி நான் சொல்லும் கருத்துகளை இறுதிவரை கேட்ட ஒரே உயிர் அதுதான். ஆனால் இன்னொரு நாயைக் கண்டுவிட்டால் முதுகு மயிர் சிலிர்க்கும், பல் தெரியும், சங்கிலியோடு என்னையும் இழுத்துக்கொண்டு பாயும்.

மராட்டிய ஊர் அது. லோஹேகாவ் போகும் சாலையில் இருந்தது எங்கள் சொசைட்டி என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு. ஹடப்சர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம். புதிதாகக் குடிவந்த இளம் தம்பதிகள் ஃபிரிட்ஜ் வாங்குகிற கையோடு ஒரு நாயும் வாங்கினார்கள். படியிறங்கினால் ஒரு நாயாவது எதிரே வரும்.

நான் எனக்குத் தெரிந்த முறையைக் கையாண்டேன். வெடிமருந்து வண்டி நகரும்போது முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியோடு நடந்து எல்லோரையும் விலக்குவான். கொடிக்குப் பதில் என்னிடம் குரல் இருந்தது. சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, தூரத்தில் நாய் தெரிந்தவுடனேயே, "குத்தா பகடோ! குத்தா பகடோ!" என்று, அவரவர் நாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கத்துவேன். முன்னெச்சரிக்கை தருவதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. நாயும் பாயத் தவறியதில்லை.

எதிர்வீட்டில் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருந்தார். என் வயதுதான், ஆனால் வயிறு கிடையாது. அவருடைய லாப்ரடார் கட்டாமலே பின்னால் வரும். என் மனைவி அவரை அண்ணன் என்பாள். "அண்ணன் பாருங்க, எவ்வளவு அமைதியா நடக்கிறாரு" என்று பால்கனியிலிருந்து எனக்கு நேர்முக வர்ணனை நடக்கும்.

ஒரு முறை நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது எங்கள் நாயையும் அவரே வெளியே கூட்டிப் போனார். "ஏட்டி, வா போவோம்" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அது போனது. போர்வையைப் போர்த்திக்கொண்டு பால்கனியில் நின்று பார்த்தேன். அந்தப் பக்கம் லாப்ரடார், இந்தப் பக்கம் என் நாய், நடுவில் அவர், ஏதோ கல்யாண ஊர்வலம் மாதிரி. ஒரு சின்ன உறுமலாவது வராதா என்று நின்றேன். வரவில்லை. காய்ச்சல்தான் ஏறியது.

நான் எழுந்து நடமாடத் தொடங்கியதும் எல்லாம் பழையபடி ஆனது. சொசைட்டி செக்ரட்டரி வீட்டுப் பொமரேனியன் மாடிப்படித் திருப்பத்தில் வந்தது. நான் கத்தி முடிப்பதற்குள் அதன் காதில் ரத்தம்.

"காகா, ஐஸா நஹீ சலேகா" என்றார் செக்ரட்டரி. பெரியவரே, இப்படியே விட முடியாது, நாய் இருப்பதா போவதா என்று மீட்டிங் போட்டு முடிவெடுப்போம் என்றார். முறைப்படி நோட்டீஸ் ஒட்டாமல் மீட்டிங் செல்லாது என்று எடுத்துச் சொன்னேன். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒட்டிவிட்டார்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். "சார், பேசாம அது எங்க வீட்டுல இருக்கட்டுமே. எதிர்வீடுதான? நெனச்சப்ப வந்து பார்த்துக்கிடலாம்."

"அண்ணன் சொல்றதும் சரிதானே" என்றாள் மனைவி.

என் நாயை நான் அனுமதி வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதாம். யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பினேன். கதவைச் சாத்தியதும் மனைவி சொன்னாள்: "பால்கனியில நின்னு தினமும் பார்க்கிறேன். நீங்க கத்தின பிறகுதான் அது பாயுது. நாய் வருது, சண்டைக்குத் தயாராகுன்னு அதுக்குச் சொல்றதே நீங்கதான்."

"இது யார் கண்டுபிடிப்பு? அண்ணனா?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லையா?"

மீட்டிங்குக்குச் சில நாள்தான் இருந்தது. அவரிடம் விடுவதில்லை என்ற ஒரே பிடிவாதத்தில் வாயை மூடப் பழகினேன். சாலைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஏதாவது நாய். சங்கிலியைத் தளர விட்டு, என் நாய் பாயாமல் பார்க்கும்போதெல்லாம் இட்லியில் ஒரு துண்டு கொடுத்தேன். பிறகு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். இடைவெளிக் கணக்கில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை கொடுக்காமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. நாய் எதிரே வரும்போதெல்லாம் கத்தல் தொண்டைவரை வந்து, எச்சிலோடு உள்ளே போகும்.

ஞாயிறு காலை பார்க்கிங்கில் நாற்காலி போட்டு எல்லோரும் கூடியிருந்தார்கள். நாங்கள் இறங்கவும், கட்டுப்போட்ட காதோடு பொமரேனியன் எதிரே வரவும் சரியாக இருந்தது. என் நாயின் முதுகு மயிர் எழுந்தது. அது என் முகத்தைப் பார்த்தது. நான் அங்கே நின்ற ஒரு ஸ்கூட்டரை விலைக்கு வாங்கப்போகிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயிர் படிந்தது. தரையை மோந்துகொண்டே பொமரேனியனைத் தாண்டி நடந்தது.

இதை ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த நொடி, கூட்டத்தில் எதிர்வீட்டுக்காரரைக் கண்டதும், என் நாய் தளர்ந்த சங்கிலியை என் கையிலிருந்து உருவிக்கொண்டு ஓடி, அவருடைய லாப்ரடார் பக்கத்தில் போய் உட்கார்ந்து வாலை ஆட்டியது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

"வாஹ் சாப்! கமால் கர் தியா!" என்று, அசத்திவிட்டதாகச் சொல்லி, செக்ரட்டரி எதிர்வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நான் ஒண்ணும் செய்யல, எல்லாம் சார்தான்" என்றார் அவர். அந்த அடக்கத்துக்காகவும் அவரைப் பாராட்டினார்கள்.

நாய் எங்கள் வீட்டிலேயே இருக்கலாம், அதைப் பழக்கிய எதிர்வீட்டுக்காரருக்கு சொசைட்டியின் நன்றி என்று இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தீர்மானம் வாசித்தார் செக்ரட்டரி. வாசித்துவிட்டு டீக்குச் சொல்லி அனுப்பினார். யாராவது வழிமொழியாமல் தீர்மானம் செல்லாது என்பது அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியவில்லை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு யாராவது ஓட்டை கண்டுபிடித்தால் நாய் போய்விடும்.

போய்ச் சங்கிலியை எடுத்துக்கொண்டு, "நான் வழிமொழிகிறேன்" என்று கை தூக்கினேன். எல்லோரும் எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துக் கை தட்டினார்கள். என் ஒரு கையில் சங்கிலி இருந்ததால் நான் தட்டவில்லை.