இல்லாத குழாயைத் தாண்டிய நாய்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நம்பாதவர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நேரங்களையெல்லாம் அப்போதைக்கப்போதே காலண்டரில் குறித்து வைத்தேன்.

நானும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு முடக்குவாதம். குளிர்காலத்தில் காலை பத்து மணிவரை விரல் மடங்காது. தம்பிக்கு நுரையீரல் இறுகிப்போயிருந்தது. ஹால் மூலையில் கம்பெனியிலிருந்து வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் மெஷின். அதிலிருந்து அவன் மூக்குவரை பத்து மீட்டர் குழாய். அவன் போகுமிடமெல்லாம் அதுவும் தரையில் இழுபட்டுப் போகும். எங்கள் நாய்க்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தோம். அது அந்தக் குழாயை ஒருநாளும் மிதித்ததில்லை. கிட்டே வந்ததும் காலை உயரத் தூக்கி, படி தாண்டுவதுபோலத் தாண்டும். பூனை, மெஷினுக்குப் பின்னால் சூடான காற்று வரும் இடத்தில் நாள் முழுக்கத் தூங்கும்.

"ஊர்ல எல்லாம் நாய்க்குக் கயிறு. இந்த வீட்ல எனக்குக் கயிறு. பாத்தியாக்கா?"

"பேசாம இருடா, மூச்சு வாங்கும்."

"பேசினாத்தானே நீ டீ போடுவே."

வெந்நீர்ப் பையும் டீயும் தூங்கும் பிராணிகளுமாக எங்கள் குளிர்காலம் போய்க்கொண்டிருந்தது. நல்ல நாட்கள்தான்.

ஒரு திங்கட்கிழமை மெஷினில் அலாரம் அடித்தது. கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கம்மா. சரியாயிடும்."

சரியானது. செவ்வாய் மறுபடி அடித்தது. அதே பதில். புதன்கிழமை மூன்று தடவை. "ஆள் வருவாங்கம்மா" என்றார்கள். யாரும் வரவில்லை. வியாழன் மதியம் நான் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். "வரும்போது மேனேஜருக்கு பிஸ்கட் வாங்கிட்டு வா" என்றான் தம்பி. 3.10க்குத் திரும்பினேன். மெஷின் பக்கத்தில் தரையில் கிடந்தான். உயிர் இல்லை. ஸ்விட்ச் ஆஃபில் இருந்தது.

மெஷினை எடுத்துப்போக மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், சனிக்கிழமை. 'கோளாறு இல்லை. நோயாளியே நிறுத்தியிருக்கிறார்' என்று ஒரு தாளை நீட்டினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. சாவுக்கு வந்திருந்த எங்கள் அண்ணன் போட்டான்.

"விடும்மா. எத்தனை வருஷம்தான் கஷ்டப்படுவான்? அவனே முடிவு பண்ணிட்டான்."

அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினேன். பிஸ்கட் வாங்கி வரச் சொன்னவனா முடிவு பண்ணியவன்? ஆனால் ஸ்விட்ச் ஆஃபில் இருந்ததே… சோறு இறங்கவில்லை. தம்பிமேலும் கோபம் வந்தது. என்னிடம் சொல்லாமல் போய்விட்டானோ என்று.

பதினெட்டு நாள் போனது. நாய் வெறுந்தரையில் காலைத் தேய்த்து நடந்தது. பூனை என் போர்வைக்கு இடம் மாறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை. காலை 11.05. நல்ல வெயில். மேனேஜர் ஹாலைக் கடந்தது. நடுவில் நின்றது. காலை உயரத் தூக்கி… தாண்டியது.

தரையில் ஒன்றுமில்லை.

பூனை என் மடியிலிருந்து குதித்து மூலைக்குப் போய்ச் சுருண்டது. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். வீடு முழுக்கத் தரை சில்லிட்டுக் கிடந்தது. அங்கே மட்டும் வெதுவெதுப்பு.

புதன், 9.40. நாய் சமையலறை வாசலில் தாண்டியது. தம்பி டீக்கு வந்து நிற்கும் இடம்.

வியாழன், 4.15. ஜன்னலோரம் தாண்டியது. அவன் தெருவைப் பார்த்து நிற்கும் இடம்.

வெள்ளிக்கிழமை மதியம், 3.36. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூலையிலிருந்து மெஷின் ஓடும் அந்தச் சத்தம் வந்தது.

புஸ்… தொப். புஸ்… தொப்.

மேனேஜர் எழுந்து என்னிடம் வந்தது. என் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. காலைத் தூக்கித் தாண்டியது.

குழாய் என்னைச் சுற்றிப் பின்னால் போகிறது.

நாய் என் தலைக்கு மேலே பார்த்தது. வாலை ஆட்டியது.

பின்னால் மூச்சு வாங்கும் சத்தம்…

நான் திரும்பவில்லை. ஆத்திரத்தில்தான் கேட்டேன்.

"நீயாடா நிறுத்தினே?"

3.40.

அலாரம்.

காதைக் கிழித்தது. பாதங்கள் இழுபடும் சத்தம் மூலைக்குப் போனது.

க்ளிக்.

அலாரம் நின்றது.

பிறகு… பிளாஸ்டிக்கை நகம் பிறாண்டும் சத்தம். தேடித் தேடி. மெல்ல… இன்னும் மெல்ல…

இரண்டாவது க்ளிக் வரவே இல்லை.

அப்போதுதான் புரிந்தது. அவர்கள் சொன்னதை அப்படியே செய்திருக்கிறான். ஆஃப் பண்ணினான். ஆன் பண்ண அவனுக்கு மூச்சு இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு பெண் போனில் அழைத்தாள். மெஷினுக்குப் பின்னால் தம்பி என் நம்பரை எழுதி ஒட்டியிருந்தானாம். அதே மெஷினை அவள் அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

"போன வாரத்துக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்குல மாட்டினாங்க. அந்த வெள்ளிக்கிழமையே அப்பா போயிட்டாரு. ஸ்விட்ச் ஆஃப்ல இருந்துச்சு. அவரே நிறுத்திட்டார்னு எழுதிக் குடுத்திருக்காங்க. உங்க வீட்ல இது நல்லாத்தான் ஓடுச்சாக்கா?"

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குமா?"

"மூணே முக்காலுக்கு நான் ரூமுக்குள்ள போனேன். அப்போ உடம்பு சூடாத்தான் இருந்துச்சு."

நேற்று காலை 10.15க்குப் பூனை மறுபடி மூலைக்குப் போனது. உடனே கம்பெனிக்குப் போன் செய்தேன். மெஷின் எங்கே என்று கேட்டேன்.

"வேற பேஷண்டுக்குப் போயிடுச்சும்மா. நேரம்கூட இருக்கு பாருங்க, இப்போதான், பத்தேகாலுக்கு மாட்டியிருக்காங்க."

"எந்த வீடு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா."

வைத்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டு மெஷினின் இடப்பக்கம், கீழ்மூலையில், எங்கள் பூனையின் நகம் கீறிய மூன்று கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அலாரம் அடிக்கும்போது அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஸ்விட்சைத் தொடாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.